மஞ்சள் தலைவன் கொடுத்த வாக்கு

என் தம்பிக்கு ஆறு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அம்மா சோறு போடக் கொஞ்சம் தாமதமானபோது, அடுப்படி வாசலில் வந்து நின்று "தெனாகா ஹபிஸ்" என்றான். மலாய் மொழியில் அதற்குச் சக்தி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான்தான் குரலை மாற்றிப் பேசி விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். தம்பி மறுபடியும் அதையே, அதே கட்டைக்குரலில் சொன்னான். அம்மா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது டிவியில் வந்துகொண்டிருந்த ஒரு ஜப்பான் கார்ட்டூனின் வசனம். மலாயில் குரல் கொடுத்து, வாரநாள்களில் சாயங்காலம் போடுவார்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், படகு, ஹெலிகாப்டர், மஞ்சள் நிறத்தில் ஒரு கிரேன் லோரி என்று ஐந்து வாகனங்கள். எங்காவது ஆபத்து என்றால் அவை எழுந்து நின்று மனித உருவ இயந்திரங்களாகிவிடும். கிரேன் லோரிதான் தலைவன். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். முடிந்ததும் பந்து விளையாட ஓடிவிடுவார்கள். தம்பி மட்டும் திரைக்கு மிக அருகில் நின்றபடி வாயை அசைத்துக்கொண்டிருப்பான். கண் கெட்டுவிடும் என்று அம்மா இழுத்து இழுத்து உட்கார வைப்பார். அவன் வார்த்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா, தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் எங்களை வளர்த்தார். ஒரு நாள் பால் வெட்டும் கத்தி நழுவி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். துணி முழுக்க இரத்தம். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "ஜாஙான் கெராக், காமி டாத்தாங்" என்றான். அசையாதே, நாங்கள் வருகிறோம். உள்ளே ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து கொடுத்தான்.

பின்னாளில் அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இது ஆட்டிசம், இப்படிப்பட்ட சில பிள்ளைகள் எங்கேயோ கேட்ட வசனங்களையே தங்கள் பேச்சாக வைத்துக்கொள்வார்கள் என்று விளக்கினார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப அவன் பேசுறான் தானே," என்றார் அம்மா. "நமக்குத்தான் வெளங்கல. நாம கத்துக்குவோம்லா."

கற்றுக்கொண்டோம். அம்மாவுக்கு மலாய் பசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கார்ட்டூன் வசனங்களைத் தமிழோடு ஒட்டவைத்துப் பேசுவதில் அவரை மிஞ்ச முடியாது. "தெனாகா ஹபிஸாடா? வா, தோசை சுட்டாச்சி" என்பார். இடி இடித்துத் தம்பி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டால், "பாஹாயா சுடா லெப்பாஸ்டா, வெளிய வா" என்பார். ஆபத்து நீங்கிவிட்டது. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தலைவன் சொல்வது அதுதான். தம்பி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வெளியே வருவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் என்ன?

நான் அந்தக் கார்ட்டூனைத் தம்பிக்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். எப்போது எனக்கே பிடித்துப்போனது என்று சொல்லத் தெரியவில்லை. மழை பெய்து நனைந்த துறைமுகம் ஒன்றை வரைந்திருப்பார்கள். தரையில் தேங்கிய தண்ணீரில் விளக்குகள் நீளமாகக் கலங்கும். தலைவன் பாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் அவன் இரும்பு விரல்கள் ஒரு கணம் நடுங்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த நடுக்கத்தைத் தாள் தாளாக வரைந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்ட வயதில், எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூட நோட்டின் ஓரங்களில் நானும் அந்த விரல்களை வரைந்து பார்ப்பேன். நடுக்கம் மட்டும் வரவே வராது.

தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்ப் பனையான செம்பனை போட்டபோது நாங்கள் திகாம் பத்துவில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கார்ட்டூனை டிவியில் நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய சிடி தட்டுகள் கீறல் விழுந்து, பாதி வசனத்தில் நின்று நின்று போகும். அப்படி நிற்கும் இடங்களில் தம்பியும் நின்றுவிடுவான். கைப்பேசியில் பார்க்கும் வசதி வந்தபோது நான் சந்தோஷமாக அதைப் போட்டுக் காட்டினேன். படம் பளபளவென்று இருந்தது. ஆனால் மலாய்க் குரல்களைப் புதிதாகப் பதிந்திருந்தார்கள். தலைவன் வேறு யாரோவாகப் பேசினான். தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

பழைய குரல்களைத் தேடித்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். முகநூலில் அந்தக் கார்ட்டூனின் இரசிகர்கள் நடத்திய குழு. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகுட்டி பெற்றவர்கள். எந்தப் பாகத்தில் படகின் நிறம் தவறாக வந்தது, எந்தப் பாகத்தின் பின்னணியை வரைந்தவர் மாறிவிட்டார் என்றெல்லாம் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். ஒரு வசனத்தைச் சொன்னால் அது எந்தப் பாகம், யார் யாரிடம் சொல்வது, அடுத்த வசனம் என்ன என்று என்னால் சொல்ல முடியும். வீட்டில் அது எங்களுக்குச் சாதாரணப் பேச்சு. குழுவில் அது பெரிய வித்தையாக இருந்தது. தொழிற்சாலையில் நான் கையுறை அடுக்கும் ஒரு பெண். அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த வருடங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

பழைய குரல்கள் தன்னிடம் இருப்பதாகப் பதில் போட்டவர் பாலிங்கைச் சேர்ந்த ஒரு லோரி ஓட்டுநர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், நம்மவர்தான். சிறு வயதில் எல்லாப் பாகங்களையும் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தாராம். யாரிடமோ கொடுத்து அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். வந்த லோரியின் முதுகில் ஒரு சின்னக் கிரேன் இருந்தது. அதற்கு அவரே மஞ்சள் சாயம் அடித்திருந்தார்.

தம்பி வெளியே போய் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த ஓட்டுநர் அண்ணன் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கிரேன் பக்கத்தில் நின்றுகொண்டு, தலைவனின் குரலில், "லாப்போர்" என்றார். நிலைமையைச் சொல் என்பது போல.

தம்பி விறைப்பாக நின்றான். "பாஹாயா சுடா லெப்பாஸ்" என்றான்.

அம்மாவையும் என்னையும் தவிர இன்னொரு மனுசர் அவனோடு பேசியது அன்றைக்குத்தான். அப்போது தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல். அம்மா அந்த அண்ணனை விடவில்லை. தோசை மேல் தோசையாகப் போட்டுக்கொண்டே இருந்தார். "போதும்மா, லோரி நகராது" என்று அவர் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சுமை ஏற்றிப் போகும்போதெல்லாம் வந்துபோனார். தலைவனின் உருவத்தைத் தானே உடுப்பாகச் செய்யப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் தரையில் விரித்து விளையாடும் ஸ்பாஞ்ச் பாய்களை வெட்டி, ஒட்டி, காருக்கு அடிக்கும் சாயத்தை அடித்து, மோட்டர் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையாக்கி, மாதக்கணக்கில் வேலை செய்தார். ஒரு தடவை அவர் மனைவி போனில் என்னிடம், "வீட்டுல ஒரு பாய் மிச்சமில்லக்கா, பிள்ளைங்க வெறும் சிமெந்துல உருளுது. நீங்களாவது சொல்லுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் பினாங்கில் நடந்த ஒரு கார்ட்டூன் விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் படங்கள் குழுவில் வந்தபோது எல்லாரும் கொண்டாடினார்கள். நான் தம்பியிடம் காட்டினேன். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டுபோய் அன்று முழுக்கத் தரவில்லை.

"ஒரு நாள் அந்த வேசத்தோட இங்க வரச் சொல்லேன்," என்றார் அம்மா. "பையன் பாக்கட்டும்."

அதற்குள் அம்மா போய்விட்டார். ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்துகிடந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றதும் தம்பி கை தட்டினான். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அம்மாவை ஏற்றிக் கதவைச் சாத்தியபோது, "பாஹாயா சுடா லெப்பாஸ்" என்று அவர்களிடம் சொன்னான். அதைக் கேட்ட ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்தார். எனக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லை. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அம்மாவின் உயிர் பிரிந்தது.

சாவு வீட்டுக் கூட்டமும் மேளமும் தம்பிக்குத் தாங்காது என்று சொந்தக்காரர்கள் அவனைக் கோத்தா கோலா மூடாவில் இருந்த பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கொள்ளி வைக்கவேண்டியவன் அவன். சித்தப்பா மகன் வைத்தான். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்று யோசித்தாலும், அந்த மேளத்துக்கு நடுவே அவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தவன் வீடு முழுக்கத் தேடினான். அடுப்படி, குளியலறை, பின்பக்கத் துணிக்கொடி. பிறகு என் முன்னால் வந்து நின்று "அங்கோத்தா ஹீலாங்" என்றான். படையில் ஒருவரைக் காணவில்லை.

மாலை போட்ட படத்தைக் காட்டினேன். "அம்மா செத்துட்டாங்கடா," என்றேன். அவனுக்குத் தமிழ் ஓரளவு புரியும். வா, போ, குளி, செருப்பைப் போடு. இந்த வார்த்தை அவனுக்கு எங்கே போய் நிற்கும்? படத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "அங்கோத்தா ஹீலாங்." சாப்பாட்டைத் தொடவில்லை. என்ன சொன்னாலும் அதே பதில். வற்புறுத்தி ஊட்டினால் துப்பினான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

நான் பாலிங் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்த உடுப்போட ஒரு தடவ வர முடியுமா? அவன சாப்பிட வச்சிட்டா போதும்."

"நாளைக்கே வரேம்மா. என்ன சொல்லணும் அவன்கிட்ட?"

"சாப்பிட்டு சக்தி ஏத்திக்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

வெயில் ஏறிய நேரத்தில் வந்தார். லோரிக்குப் பின்னால் நின்றே உடுப்பை மாட்டிக்கொண்டு, தாமான் குடியிருப்பின் சந்துக்குள் நடந்து வந்தார். கேட்டின் இடுக்கில் தோள் மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. வர்ணம், கையின் கனம், நடக்கும்போது ஒரு பக்கம் சாயும் விதம் எல்லாம் அப்படியே தலைவன்தான்.

தம்பி எழுந்து விறைப்பாக நின்றான். நான் பார்த்த அளவில் அவன் அவ்வளவு நேராக நின்றதே இல்லை. "லாப்போர்" என்று அண்ணன் கேட்பதற்கு முன்பே, "அங்கோத்தா ஹீலாங்" என்றான்.

கார்ட்டூனில் யார் அந்த வசனத்தைச் சொன்னாலும் தலைவன் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். அண்ணன் அதைச் சொன்னார். "காமி சாரி, சம்பாய் ஜும்பா." கண்டுபிடிக்கும்வரை தேடுவோம்.

தம்பி ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து தட்டை இழுத்தான். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

லோரி அருகே அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வேர்த்துக் கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி, வாயில தானா வந்திடிச்சிம்மா. சின்னப் புள்ளையிலேர்ந்து கேட்ட வசனம்லா. அவன் அத சொன்னா நான் இத சொல்லணும். யோசிக்கவே இல்ல."

"பரவால்லண்ணே. சாப்பிட்டான் தானே."

"அவன் நம்பிட்டான்மா."

"கொஞ்ச நாள்ல மறந்திடுவான்."

தம்பி எதையும் மறப்பவன் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அவன் சாப்பிட்டான், குளித்தான், தூங்கினான். அந்த நேரத்தில் எனக்கு அது போதுமாக இருந்தது.

கேட்டருகே நாற்காலியைப் போட்டு உட்காரத் தொடங்கினான். பெரிய சாலையில் வெள்ளை வேன் எதுவும் போனால் எழுந்து நிற்பான். வேளைக்கு வேளை அம்மாவின் தட்டையும் எடுத்து வைப்பான். நான் அதைத் திருப்பி அலமாரியில் வைத்தால், மறுபடி எடுத்து வைப்பான். கொஞ்ச காலத்துக்குப் பிறகு நானும் எடுப்பதை விட்டுவிட்டேன். நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள்தான் அவனைப் பார்த்துக்கொள்வார்; மக்சிக், அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரிடமும் தினமும் கேட்பான், "அங்கோத்தா ஹீலாங்?" என்று. அந்த அம்மாள் நல்லவர். முதலில் "சாபார்லா" என்பார், பொறுத்துக்கொள் என்று. போகப்போக அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல மாதம் போன பிறகு ஒரு நாள், நான் வேலையில் இருக்கும்போது மக்சிக் கூப்பிட்டார். அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் தம்பியைக் காணவில்லை. கேட் திறந்திருந்தது. என் டார்ச்சும் இல்லை. நான் ஓடிவந்தேன். போலீசில் சொன்னேன். குழுவில் அவன் படத்தைப் போட்டேன். அண்ணன் ஏற்றிய சுமையோடு அப்படியே லோரியைத் திருப்பிக்கொண்டு வந்தார். நான் நேரில் பார்த்தே இராத ஒரு சீனப் பையன் குருணிலிருந்து மோட்டரில் வந்து சாலை சாலையாகத் தேடினான். எல்லாரும் ஒரு கார்ட்டூனைப் பிடித்துப்போனதால் ஒன்று சேர்ந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் செய்ததை என்னால் மறக்க முடியாது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் எங்கள் பழைய தோட்டத்தில் கிடைத்தான். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான். பழக்குலை அறுக்க வந்த வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் சாலைக்கு வந்து கை காட்டினார். தம்பி வெறுங்காலோடு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்தடியிலும் ஒவ்வொரு கால்வாயிலும் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதமெல்லாம் முள் கிழித்திருந்தது. புதருக்குள் குனிந்து, "ஜாஙான் கெராக், காமி டாத்தாங்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் செம்பனை மட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தோம். அவன் மொழியிலேயே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வசனம் வேண்டும்.

அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு முதல் பாகத்திலிருந்து பார்த்தோம். குழுவிலும் கேட்டேன், இந்தக் கார்ட்டூனில் யாராவது இறக்கிறார்களா, யாரையாவது கண்டுபிடிக்க முடியாமல் போகிறதா என்று. எத்தனையோ பேர் யோசித்துப் பதில் போட்டார்கள். ஒருவர் நாய்க்குட்டி ஒன்று தொலையும் பாகத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் நாய்க்குட்டியும் கிடைத்துவிடுகிறது. கட்டடம் இடிகிறது, கப்பல் மூழ்குகிறது, மலை சரிகிறது. அத்தனையிலிருந்தும் ஆள்கள் முகத்தில் கரியோடு இருமிக்கொண்டே வெளியே வருகிறார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. நனைந்த துறைமுகமும் நடுங்கும் விரல்களும் முன்பு போலவே அழகாகத்தான் இருந்தன. நான் இத்தனை வருடம் உயிராக நினைத்த ஒன்று, என் வீட்டில் நடந்ததற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்தது, அதில் சாவை எப்படி வைப்பார்கள் என்று அறிவுக்குப் புரிகிறது. ஆனாலும் நான் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன்.

குருணிலிருந்து வந்த அந்தப் பையனுக்கு ஒலியை வெட்டி ஒட்டத் தெரியும். தலைவனின் பழைய குரலிலிருந்தே வெவ்வேறு பாகங்களில் வரும் சொற்களை எடுத்துச் சேர்த்து ஒரு புதிய வசனம் செய்துகொடுத்தான். காணாமல் போனவர் இனித் திரும்பி வர முடியாது, தேடுவதை நிறுத்துங்கள் என்று. கேட்டபோது எங்களுக்கு உண்மையானது போலவே இருந்தது. அண்ணன் மறுபடியும் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சுப் பலகைக்கு உள்ளே கைப்பேசியை வைத்திருந்தார்.

தம்பி எழுந்து நின்று தன் வசனத்தைச் சொன்னான். தலைவனின் நெஞ்சிலிருந்து பதில் வந்தது.

முதலில் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய் அசையத் தொடங்கியது. முதல் சொல் எந்தப் பாகத்திலிருந்து எடுத்ததோ, அந்தப் பாகத்தின் அடுத்த வசனத்தைச் சொல்லத் தொடங்கினான். பாதியில் விட்டுவிட்டு இரண்டாவது சொல் இருந்த பாகத்துக்குப் போனான். அதையும் விட்டு இன்னொன்றுக்கு. அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது. எதைத் தொடர்வது என்றுதான் தெரியவில்லை. துண்டு துண்டாக, வேகம் வேகமாக, மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்ல முயன்றான். எச்சில் வழிந்தது.

"நிறுத்துங்கண்ணே," என்றேன். ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய வாய்தான், கைப்பேசி எப்போதோ நின்றுவிட்டது.

பிறகு அவனாகவே நின்றான். கிட்டே போய் அண்ணனின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான். பலகையின் ஓரத்தில் பசை விட்டிருந்த இடத்தில் விரலை நுழைத்து மெதுவாக உரித்தான். உள்ளே வேர்வையில் நனைந்த சட்டையும் கைப்பேசியும் இருந்தன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். உரித்த பலகையைத் திரும்ப ஒட்டிவைக்கப் பார்த்தான், அது நிற்கவில்லை. விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

"தம்பி," என்று கூப்பிட்டார் அண்ணன். தன் சொந்தக் குரலில், தமிழில். "தம்பி, அண்ணன்டா."

தம்பி திரும்பவில்லை.

அன்றோடு அவன் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வசனமும் இல்லை. பசித்தாலும் இல்லை, இடி இடித்தாலும் இல்லை. அம்மாவின் தட்டையும் அவன் எடுத்து வைப்பதில்லை. அப்படியானால் புரிந்துவிட்டதா என்று கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், சொல்ல முடியாது, இப்படிச் சிலர் பேச்சை இழப்பதுண்டு, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார். பழைய பாகங்களைப் போட்டுக் காட்டினேன். எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு நானும் போடவில்லை.

பாலிங் அண்ணன் கொஞ்ச நாள் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். "உங்க மேல தப்பே இல்லண்ணே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "இல்லம்மா, இல்லம்மா" என்பார். அந்த உடுப்பை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டதாக அவர் மனைவி சொன்னார். மழையில் ஊறி உப்பிக் கிடக்கிறதாம், பிள்ளைகளைத் தொட விடவில்லையாம். இப்போது அவர் அழைப்பதில்லை. நானும் அழைப்பதில்லை. அழைத்தால் இருவருக்கும் பேச என்ன இருக்கிறது?

குழுவில் இன்னும் இருக்கிறேன். அந்தக் கார்ட்டூனைப் புதிதாகத் திரைப்படமாக எடுக்கிறார்களாம். தலைவனின் புதிய உருவத்தைப் போட்டுத் தினமும் கொண்டாடுகிறார்கள். பழைய ஆள்கள் சிலர், "அக்கா எங்கே, இந்தக் காட்சி எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்று அவர்தான் சொல்வார்" என்று கேட்டிருந்தார்கள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது எந்தப் பாகம் என்று. பதில் எழுதவில்லை.

வேலை முடிந்து வந்ததும் தம்பியிடம் தமிழில் பேசிக்கொண்டிருப்பேன். லைனில் எந்த மெஷின் நின்றது, யார் வேலையை விட்டுப் போனார்கள், மீன் என்ன விலை என்று. கேட்கிறானா என்று தெரியாது. கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ இருக்கும். அவனைப் பராமரிக்கும் இடம் ஒன்று சுங்கைப்பட்டாணியில் இருக்கிறது, போய்ப் பார் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம்தான். கூடத்தில் டிவியில் ஏதோ கார்ட்டூன் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். எத்தனை நாளைக்கு என்னால் தனியாக முடியும் என்றும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய மழை. மின்சாரம் போய்விட்டது. அறையிலிருந்து தம்பி எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வாய் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்ற அந்த வசனத்தை நானும் சொல்லவில்லை. மின்சாரம் வந்து விசிறி சுற்றத் தொடங்கியதும் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.